வேலைக்கு நடுவே வரும் இடைஞ்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ், கோவை ஐடி கம்பெனி, ஈரோட்டில் ஆடிட்டர் அறை, நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் என்று எங்கே போனாலும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறித்திருக்கிறோம்.

1. ஏனுங்க, ஒரு நிமிஷம் போன் பேசிட்டு வர்றதுல அப்படி என்னங்க கெட்டுப் போகுது?

போனில் போன அந்த ஒரு நிமிடம் பெரிய நஷ்டமில்லை. கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது பாதி வேலைதான் திரையில் இருக்கிறது, மீதி உங்கள் தலைக்குள் இருக்கிறது. தலைக்குள் இருக்கும் பாதிதான் கலைகிறது.

பேக்கிங் லிஸ்ட் அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைஸ் விகிதம் 1:2:2:1, பெட்டிக்கு நாலு செட், ஆக 24 பீஸ். எஸ் 4, எம் 8, எல் 8, எக்ஸ்எல் 4. எம் அடித்து முடித்த நொடியில் போன் வருகிறது. பேசிவிட்டுத் திரும்பினால் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு முந்தின கட்டத்தில் 8 இருக்கிறது. அது எம்-க்கு அடித்த எட்டா, எல்-க்கு அடித்த எட்டா? தலைப்பு வரிசை மேலே ஓடிப்போயிருந்தால் பார்த்துச் சொல்ல முடியாது. "அடுத்தது எல்" என்கிற செய்தி எங்கேயும் எழுதப்படவில்லை. அது உங்கள் நினைவில் மட்டும் இருந்தது. எக்செலில் வியூ போய் ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டுத் தலைப்பை நிறுத்தி வைத்தாலே இந்த ஒரு தவறில் பெரும்பகுதி நின்றுவிடும்.

திரும்பி வந்து உட்கார்ந்ததிலிருந்து முதல் சரியான விசையைத் தட்டும் வரை ஆகும் நேரத்தை ஆய்வாளர்கள் தனியாக அளக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அதை "திரும்பும் தாமதம்" என்று சொல்கிறோம். எரிக் ஆல்ட்மனும் கிரெகரி டிராஃப்டனும் 2002-இல் கொடுத்த விளக்கம் எளிமையானது: ஒதுக்கி வைத்த நோக்கம் நினைவில் நேரம் ஆக ஆக மங்கும், அதைத் திரும்ப எழுப்பக் கண்ணெதிரே ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும்.

2. நாலு செகண்டு தானுங்க எட்டிப் பாத்தேன். அதுக்குமா தப்பு வரும்?

வரும். ஆல்ட்மன், டிராஃப்டன், ஹாம்ப்ரிக் மூவரும் 2014-இல் வெளியிட்ட சோதனையில் 300 பேர் கலந்துகொண்டார்கள். ஏழு படிகளை வரிசை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நடுநடுவே ஒன்றிரண்டு எழுத்துகளை அடிக்கச் சொல்லிக் குறுக்கிட்டார்கள். சராசரியாக 2.8 வினாடிக் குறுக்கீட்டுக்கே வரிசைத் தவறு இரண்டு மடங்கானது. 4.4 வினாடிக்கு மூன்று மடங்கு.

எந்த வகைத் தவறு என்பதைக் கவனியுங்கள். படியைச் செய்யும் விதத்தில் இல்லை, எந்தப் படியில் இருக்கிறோம் என்பதில்தான் தவறு: ஒன்றைத் தாண்டிவிடுவது, அல்லது செய்ததையே மறுக்கா செய்வது. ஆபீஸில் இது ஒரு வரி விட்டுப்போன இன்வாய்ஸாகவோ, இரண்டு தடவை ஏறிய பில்லாகவோ வெளியே வரும். செய்தவருக்கு நன்றாக வேலை தெரியும் என்பதால் "கவனமில்லை" என்று திட்டு விழும். அந்தத் திட்டில் நியாயம் குறைவு.

3. ஒரு தடவை டிஸ்டர்ப் ஆனா கவனம் திரும்பி வர 23 நிமிஷம் ஆகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நெசமுங்களா?

எண் வந்த இடம் உண்மையானது, வாட்ஸ்அப்பில் சொல்லும் அர்த்தம் தவறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருக்கும் குளோரியா மார்க் குழு ஆபீஸ் ஊழியர்களின் பின்னாலேயே போய், கடிகாரம் வைத்துக் குறிப்பெடுத்தது. அவர்களுடைய 2005 கட்டுரையில், பாதியில் விட்டு அதே நாளில் திரும்ப எடுத்த வேலைகளுக்கு நடுவில் போன நேரம் சராசரியாக 25 நிமிடம் 26 வினாடி. 23 சொச்சம் அவருடைய பேட்டி வழியாகப் பரவிய எண்.

அந்த இருபத்தைந்து நிமிடமும் மூளை வெறுமனே கிடக்கவில்லை. நடுவில் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட வேறு வேலைகளைப் பார்த்துவிட்டுத்தான் பழைய வேலைக்கு வருகிறார்கள். ஆய்வகத்தில் அளக்கும் திரும்பும் தாமதம் பெரும்பாலும் வினாடிக் கணக்குத்தான். ஆகவே "ஒரு போனுக்கு 23 நிமிஷம், பத்துப் போனுக்கு 230 நிமிஷம்" என்று முதலாளியிடம் கணக்குக் காட்ட வேண்டாம். அப்படிப் பார்த்தால் இருபத்தொரு போனிலேயே எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், அவரும் சிரிப்பார். "ஒரு போன் என்னை வேறு இரண்டு வேலைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது" என்பதுதான் அந்த எண் சொல்லும் விஷயம்.

4. அப்ப எந்த நேரத்துல கூப்பிட்டா கம்மியா பாதிக்குமுங்க?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பிரையன் பெய்லி, ஜோசப் கான்ஸ்டன் இருவரும் 2006-இல் ஒரே குறுக்கீட்டை இரண்டு இடங்களில் கொடுத்துப் பார்த்தார்கள்: வேலையின் நடுவில், ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில். இடைவெளியில் வந்ததோடு ஒப்பிட்டால், நடுவில் வந்தபோது வேலை முடிய 3 முதல் 27 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. தவறுகள் இரண்டு மடங்கு. எரிச்சல் 31 முதல் 106 சதவீதம் அதிகம். வந்த குறுக்கீடு ஒன்றுதான், வெட்டிய இடம்தான் வேறு.

காரணம் தலைச் சுமை. மூளைக்குச் சுமை கூடினால் கண்மணி விரியும். வேலை செய்பவரின் கண்மணி விரிவை அளந்தால், ஒரு துண்டு வேலை முடிகிற இடத்தில் சுமை சட்டென்று இறங்குவது தெரிகிறது. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவரை வழியில் நிறுத்திப் பேசுவதற்கும், கட்டை இறக்கி வைத்தபின் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

எல்லா இடைவெளியும் ஒரே அளவில் சுமையை இறக்குவதில்லை. ஒரு கட்டத்தில் எண் அடித்து முடிப்பது மிகச் சின்ன இடைவெளி, அங்கே சுமை கொஞ்சம்தான் இறங்கும். ஒரு வரி முடிப்பது அதைவிடப் பெரியது. வவுச்சரைச் சேமித்தது, ஒரு ஸ்டைலின் (ஆடை மாடலின்) காஸ்டிங் ஷீட்டை, அதாவது விலைக் கணக்கை, மூடியது, மெயிலை அனுப்பியது, அன்றைய பில் கட்டை முடித்து ரப்பர் பேண்ட் போட்டது என்று இடைவெளி பெரிதாகப் பெரிதாகக் குறுக்கீட்டின் செலவு குறையும். புரோகிராம் எழுதுபவருக்கு ஒரு பங்ஷன் முடிந்து டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் நல்ல இடம். நான்கு கோப்புகளில் பிழையைத் துரத்திக்கொண்டிருக்கும் நேரம் மிக மோசமான இடம்.

5. சில போன் வந்தா ஒண்ணும் ஆறதில்ல, சில போன் வந்தா தல சுத்துது. ஏனுங்க அப்படி?

செய்துகொண்டிருக்கும் வேலையைப் போலவே இருக்கும் குறுக்கீடுதான் மோசம். கில்லி, பிராட்பென்ட் இருவரும் 1989-இலேயே இதைப் பார்த்தார்கள். குறுக்கீடு எவ்வளவு நேரம் என்பதைவிட, அது மூல வேலையை எவ்வளவு ஒத்திருக்கிறது, எவ்வளவு சிக்கலானது என்பவை அதிகம் கெடுத்தன. பின்னால் வந்த சோதனைகள் நீளத்துக்கும் பங்கு உண்டு என்று காட்டின, ஆனால் ஒற்றுமை என்கிற காரணம் விழவில்லை.

160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சித் துணிக்கு நூல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து "வர்றப்ப தக்காளி வாங்கிட்டு வாங்க" என்று போன் வந்தால் பெரிய சேதம் இல்லை. அதே நேரத்தில் நிட்டிங் யூனிட்டிலிருந்து "அந்த 180 ஜிஎஸ்எம்முக்கு டயா எத்தனைங்க?" என்று கேட்டால் போச்சு. இரண்டும் ஒரே வகை எண்கள். திரும்பி வந்து 160-க்குப் பதில் 180 அடிப்பீர்கள், அடித்தது கண்ணுக்கும் சரியாகவே தெரியும். கணக்கு வேலை நடக்கும்போது வேறு கணக்கு பற்றிய போனைத்தான் முதலில் தள்ளிப்போட வேண்டும். "வேலை சம்பந்தப்பட்ட போன்தானே, எடுத்தால் என்ன" என்பது பல ஆபீஸ்களில் தலைகீழான விதி. இதில் ஒரு விலக்கு: வந்த செய்தி நீங்கள் அந்த நொடியில் பார்த்துக்கொண்டிருக்கும் அதே ஆர்டரைப் பற்றியது என்றால் பாதிப்பு குறைவு.

6. எந்திரிச்சுப் போறதுக்கு முன்னால என்ன பண்ணிட்டுப் போகணுமுங்க?

டிராஃப்டன் குழு 2003-இல் செய்த சோதனையில், குறுக்கீடு வருகிறது என்று எட்டு வினாடி முன்னால் எச்சரித்தபோது திரும்பும் தாமதம் தெளிவாகக் குறைந்தது. அந்த எட்டு வினாடியில் ஆட்கள் "அடுத்து என்ன செய்யப் போனேன்" என்று மனதில் குறித்துக்கொண்டார்கள். நம் ஆபீஸில் எச்சரிக்கை வராது, போன் மணி அடிக்கும். மணியை இரண்டு மூன்று தடவை அடிக்கவிட்டு எடுத்தால் கையில் எட்டு, பத்து வினாடி கிடைத்துவிடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை. கையில் இருக்கும் வரியை முடிக்க முடிந்தால் முடியுங்கள். முடியாவிட்டால் பாதி எண்ணை அழித்துவிடுங்கள், ஏனென்றால் 1250 அடிக்கப் போய் 125-இல் நின்ற எண்தான் பின்னால் யார் கண்ணிலும் படாது. பிறகு, செய்து முடித்ததை விட்டுவிட்டு அடுத்துச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். "பில் 47 வரை முடிஞ்சது" என்பதைவிட "அடுத்து 48, வரி 3, டிஸ்கவுண்ட் பாக்கணும்" என்பது மேல். எக்செலில் என்றால் அந்த வரிக்கு மஞ்சள் நிறம். தாளைப் பார்த்து அடிப்பவர்கள் தாளின்மேல் அடிக்கோலை வையுங்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் செய்தது, இன்னும் அதை மிஞ்சிய மென்பொருள் வரவில்லை. கடைசியாகக் கன்ட்ரோல் எஸ்.

சோபி லெராய் 2009-இல் "கவன எச்சம்" என்று ஒன்றைக் காட்டினார்: பாதியில் விட்ட வேலை மனதின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்து, அடுத்து எடுக்கும் வேலையையும் கெடுக்கிறது. திரும்பி வந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் இந்த எச்சமும் குறைகிறது என்று பின்னர் டெரசா குளோம்புடன் சேர்ந்து அவர் காட்டினார். ஆக அந்தத் துண்டுச்சீட்டு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

7. முதலாளி கூப்பிட்டா "இருங்க"னு சொல்ல முடியுங்களா?

"இருங்க" என்று சொல்ல வேண்டியதில்லை. "இதா வந்துட்டேனுங்க, இந்த ஒரு லைன மட்டும் முடிச்சுட்டு" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. முதல் பாதியில் மரியாதை இருக்கிறது, இரண்டாம் பாதியில் கேள்வி 6-இல் சொன்ன பத்து வினாடி இருக்கிறது. வாய் பேசும்போதே கை அடிக்கோலை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணா, அக்கா என்று பழகும் சின்ன ஆபீஸ்களில் இன்னொரு வழக்கம் உதவும். காஸ்டிங், சம்பளக் கணக்கு மாதிரி வேலை நடக்கும்போது மேசைமேல் ஒரு சிவப்பு நூல் கோனை நிறுத்தி வைப்பது. கோன் நின்றால் கம்முனு இருக்க வேண்டும், நெருப்புப் பிடித்தால் மட்டும் கூப்பிடலாம். நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தால் அந்தக் கோனை யாரும் மதிக்க மாட்டார்கள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

8. திரும்பி வந்து எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?

ஒரு வரி பின்னால் போய். கடைசியாக முடித்ததாக நினைக்கும் வரியை மூலத் தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டு முன்னால் போங்கள். கேள்வி 2-இல் சொன்ன தாண்டிவிடும் தவறும் மறுக்கா செய்யும் தவறும் இந்த ஒரே வரியில் பிடிபடும். எக்செலில் மேலும் கீழும் உருட்டி இடம் தொலைந்திருந்தால் கன்ட்ரோல், பேக்ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கர்சர் நிற்கும் கட்டத்துக்குத் திரை தானே வந்துவிடும்.

வரிசைப் பட்டியல் வேலை என்றால், பத்துப் படிக்குள் இருந்தால் முதலிலிருந்தே தொடங்குவது நல்லது. விமானிகள் சரிபார்ப்புப் பட்டியல் நடுவில் வெட்டுப்பட்டால் அப்படித்தான் செய்யச் சொல்லப்படுகிறார்கள். அமெரிக்காவில் 1981-லிருந்து, விமானம் 10,000 அடிக்குக் கீழே இருக்கும்போது விமானி அறையில் வேலைக்குத் தேவையில்லாத பேச்சே கூடாது என்று விதி இருக்கிறது. கப்பல் ஏற்றும் நாளில் டாக்குமென்ட் செக்கிங் செய்யும் மேசைக்கும் அப்படி ஒரு விதி வைத்தால் தப்பில்லை.

9. டாலி கணக்கு சாப்ட்வேர்ல வவுச்சர் பாதில நிக்கறப்ப விட்டுட்டுப் போக வேண்டியதாயிருச்சு. என்னங்க பண்றது?

டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகிவிட்டது, ஆனால் ஏதோ ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றால் கன்ட்ரோல் எல் அழுத்தி அதை ஆப்ஷனல் வவுச்சர் ஆக்குங்கள். நரேஷன் கட்டத்தில் "பாதி, ஃபிரைட் பாக்கணும்" என்று அடித்துக் கன்ட்ரோல் ஏ கொடுத்துச் சேமியுங்கள். ஆப்ஷனல் வவுச்சர் கணக்கில் ஏறாது, அதனால் தவறான எண் பேலன்ஸில் போய் உட்காராது.

இதில் கெட்டுப்போகும் இடமும் ஒன்று உண்டு. திரும்ப வந்து ஆப்ஷனலை எடுக்க மறந்தால், பில் போட்டாயிற்று என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கணக்கில் அது இருக்காது. ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) தாக்கல் செய்ய 11-ஆம் தேதி உட்காரும்போதுதான் தெரியும். பொழுதோட வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆப்ஷனல் வவுச்சர் பட்டியலைத் திறந்து, அது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சமமே ஆகாத வவுச்சரை டாலி சேமிக்காது. அதற்கு அடிக்கோலும் துண்டுச்சீட்டும்தான்.

10. இ-வே பில் அடிக்கறப்ப மட்டும் எனக்குத் தப்பு சாஸ்தியா வருது. ஏனுங்க?

இ-வே பில் என்பது சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு. அதை அடிக்கும் நேரத்தில்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் கேட்கிறார், டிரான்ஸ்போர்ட்டில் கேட்கிறார்கள், நடுவில் ஓடிபி வருகிறது. அதோடு இது பல தாள்களைப் பார்த்து ஒரே படிவத்தில் ஏற்றும் வேலை. கண்ணை எடுக்கும் ஒவ்வொரு முறையும் சின்னக் குறுக்கீடு மாதிரிதான்.

லாரி எண்ணைக் காதால் கேட்டு அடிக்காதீர்கள். டி.என். 38, டி.என். 39 இரண்டும் நம் பக்கம் தினம் கேட்கும் எண்கள். கோவை வண்டியும் திருப்பூர் வண்டியும் ஒரே வாசலில் நிற்கும்போது கேள்வி 5-இல் சொன்ன ஒற்றுமைச் சிக்கல் அப்படியே வந்துவிடும். எண் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் படத்தைப் பார்த்து அடியுங்கள். வண்டி எண் தவறினால் பார்ட்-பி-யில் (படிவத்தின் வண்டி விவரப் பகுதியில்) புதுப்பித்துக்கொள்ளலாம். இன்வாய்ஸ் எண், மதிப்பு, ஜிஎஸ்டி எண் போன்ற பார்ட்-ஏ விவரம் தவறினால் திருத்த வழியில்லை. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அதுவும் வழியில் அதிகாரிகள் சரிபார்க்காமல் இருந்தால்தான். எனவே பார்ட்-ஏ-வை வண்டி வருவதற்கு முன்பே, அமைதியாக இருக்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள். வண்டி வந்தபின் அடிக்க வேண்டியது வண்டி எண் மட்டும் என்று ஆகிவிடும்.

11. போன் அதிருது, நான் எடுக்கறதே இல்லீங்க. அதுவும் பாதிக்குமா?

பாதிக்கிறது. ஸ்டோட்ஹார்ட் குழு 2015-இல், கவனம் தேவைப்படும் கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் போனுக்கு அழைப்பும் செய்தியும் அனுப்பிப் பார்த்தது. போனைத் தொடாதவர்களுக்கும் தவறு கூடியது. யாராக இருக்கும் என்கிற ரோசனையே போதும்.

மேசைமேல் கவிழ்த்து வைப்பதைவிட, அதிர்வையும் நிறுத்தி டிராயருக்குள் வைப்பது நல்லது. விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையோடு என் அழுத்தினால் அறிவிப்புப் பலகை திறக்கும், அதன் மேல் ஓரத்தில் இருக்கும் மணிப் படத்தைத் தட்டினால் அறிவிப்புகள் நின்றுவிடும். வாட்ஸ்அப் குழுக்களை எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று விதமாக மௌனமாக்கலாம். காலையில் வந்ததும் எட்டு மணி நேரம் போட்டால் ஷிப்ட் முடியும்போது தானே திறந்துகொள்ளும்.

12. எல்லாத்தையும் ஆப் பண்ணிட்டா அவசரம் எப்படிங்க தெரியும்? ஊட்டுல பெரியவங்க இருக்காங்க.

ஆண்ட்ராய்டு போனில் டூ நாட் டிஸ்டர்ப் அமைப்புக்குள் இரண்டு விலக்குகள் இருக்கின்றன. நட்சத்திரமிட்ட எண்களை மட்டும் அனுமதிப்பது ஒன்று. ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கவிடுவது இன்னொன்று. வீட்டில் உள்ளவர்களிடம் "அவசரம்னா மறுக்கா ஒருக்கா அடிங்க" என்று சொல்லி வைத்தால் போதும்.

மெயிலுக்கும் இது பொருந்தும். குஷ்லெவ், டன் இருவரும் 2015-இல், ஒரு வாரம் தினம் மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னபோது மன அழுத்தம் குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது: மெயில் அறிவிப்பை நிறுத்தினால் சிலர் பதற்றத்தில் முன்பைவிட அடிக்கடி போய்ப் பார்க்கிறார்கள் என்று ஷம்சி இக்பால், எரிக் ஹார்விட்ஸ் ஆய்வு 2010-இல் காட்டியது. நீங்கள் அந்த ரகம் என்றால் அறிவிப்பை வைத்துக்கொண்டு, முக்கியமான பையர்களிடமிருந்து (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து) வரும் மெயிலுக்கு மட்டும் அது வரும்படி விதி போடுங்கள்.

13. யாருமே கூப்பிடலைங்க, நானே தான் அடிக்கடி போனை எடுத்துப் பாக்கறேன்.

குளோரியா மார்க் குழு பின்தொடர்ந்து எண்ணியதில், வேலையிலிருந்து விலகியவற்றில் கிட்டத்தட்ட பாதி இப்படித் தானே விலகியவைதான். வெளியிலிருந்து குறுக்கீடு அதிகம் வந்த மணி நேரத்துக்கு அடுத்த மணி நேரத்தில் தானே விலகுவதும் கூடுகிறது. காலை முழுக்கக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள், மத்தியானம் யாரும் கூப்பிடாதபோது கை தானே போகிறது.

கையைத் திட்டிப் பயனில்லை. விலகும் இடத்தை மாற்றலாம்: போனைப் பார்க்கத் தோன்றினால் பாருங்கள், ஆனால் வரி முடிந்தபின் (கேள்வி 4). இப்படிச் செய்தாலே தவறுகளில் ஒரு பங்கு போய்விடும்.

14. இடைஞ்சல் இருந்தாத்தான் எனக்கு வேல வேகமா ஓடுது. நான் தப்பா நினைக்கறேனுங்களா?

வேகம் உண்மையாகவே இருக்கலாம். மார்க், கூடித், க்ளோக்கே மூவரும் 2008-இல் 48 பேரை மெயில்களுக்குப் பதில் எழுத வைத்து, நடுவில் போனிலும் செய்தியிலும் குறுக்கிட்டார்கள். குறுக்கிடப்பட்டவர்கள் சீக்கிரம் முடித்தார்கள், தரத்திலும் வித்தியாசமில்லை. ஆனால் எழுதியது சுருக்கமாக இருந்தது. அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி எல்லாம் கூடியிருந்தன. இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகம் கூட்டுகிறோம், அதற்கான கூலியை உடம்பு கொடுக்கிறது.

வேலையின் வகையும் முக்கியம். ஸ்பியர், வலாசிச், வெஸ்ஸி 1999-இல் கண்டது: எளிய வேலையில் குறுக்கீடு செயல்திறனைக் கூட்டவே செய்தது, சிக்கலான முடிவெடுக்கும் வேலையில் குறைத்தது. கூரியர் முகவரி ஒட்டும்போது அரட்டை நல்லதுதான். ரேட் பேசி முடிக்கும்போது வேண்டாம்.

15. எங்க அக்கா ஒரே நேரத்துல நாலு சோலி பாப்பாங்க. எல்லாருக்கும் முடியாதுங்களா?

வாட்சன், ஸ்ட்ரேயர் 2010-இல் 200 பேரைச் சோதித்தார்கள்: கார் ஓட்டும் சிமுலேட்டரில் ஓட்டிக்கொண்டே போனில் நினைவு, கணக்கு வேலை. எந்தச் சரிவும் இல்லாமல் இரண்டையும் செய்தவர்கள் 2.5 சதவீதம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நாற்பது பேரில் ஒருவர். அதிகமாக மல்டிடாஸ்கிங் செய்பவர்கள் அதில் திறமை குறைந்தவர்களாக இருப்பதையும் 2013-இல் சன்பொன்மட்சு குழு பார்த்தது. பெண்களுக்கு இது இயல்பாக வரும் என்று சொல்லி வேலையை அவர்கள்மேல் குவிக்கிறவர்களுக்கு: 2019-இல் ஜெர்மனியில் ஹிர்ஷ் குழு செய்த சோதனையில் ஆண், பெண் வித்தியாசம் தெரியவில்லை.

16. பாதில விட்ட வேலைதான் நல்லா ஞாபகம் இருக்கும்னு படிச்சேனுங்களே?

புளூமா செய்கார்னிக் 1927-இல் சொன்னது. பிறகு செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி முடிவு வரவில்லை. அது சரியென்றே வைத்துக்கொண்டாலும், அப்படி ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பது நினைவிருப்பது வேறு, அதில் எந்த வரியில் நின்றோம் என்பது வேறு. முதலாவது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவதற்குத்தான் சீட்டு எழுதுகிறோம்.

17. கரண்ட் போறதும் இதுல சேருமுங்களா?

சேரும். எச்சரிக்கையே இல்லாமல் நடுவில் வெட்டி, திரையில் இருந்த அடையாளத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதால் இதுதான் மிக முரட்டுத்தனமான குறுக்கீடு. யூபிஎஸ்-இன் பயன் சில நிமிடம் கரண்ட் கொடுப்பது மட்டுமில்லை; அது போடும் பீப் சத்தம்தான் கேள்வி 6-இன் எட்டு வினாடி. பீப் கேட்டதும் சேமியுங்கள், அடுத்த படியை எழுதுங்கள், அப்புறம் ஜெனரேட்டரைப் பற்றிக் கவலைப்படலாம்.

எக்செலில் ஆட்டோரிகவர் (தானே நகல் சேமிக்கும் வசதி) பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றுதான் அமைந்திருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் இரண்டு நிமிடமாக மாற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே பேப்பரில் வருகிறது. அந்த நாளில் பெரிய காஸ்டிங்கை எடுக்காமல் ஃபைல் அடுக்குவது, போன் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

18. பையர் மெயில் வந்துட்டே இருக்குதுங்க. எந்த நேரத்த ஒதுக்கறது?

கடிகாரத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க்கின் காலை 9 நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. ஐரோப்பிய ஆர்டர் மட்டும் பார்க்கிற மெர்ச்சண்டைசருக்கு (பையருக்கும் யூனிட்டுகளுக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவருக்கு) காலை 9.30 முதல் 12.30 வரை பையர் பக்கத்திலிருந்து ஏறக்குறைய அமைதிதான். அந்த மூன்று மணி நேரத்தைப் பெரும்பாலும் உள்ளூர்ப் போன்கள் தின்றுவிடுகின்றன: டையிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று எல்லா யூனிட்டும் பத்து மணிக்குத்தான் கூப்பிடும். அவர்களை 12-க்கு மேல் கூப்பிடச் சொல்வது பையரிடம் சொல்வதைவிட எளிது. ஒன்பதரைக்கு நீங்களே ஒரு சுற்று கூப்பிட்டு நிலவரம் கேட்டுவிட்டால் அவர்கள் பத்து மணிக்குக் கூப்பிடும் காரணமே பாதி போய்விடும்.

19. எங்க ஆபீஸ்ல எவ்வளவு பாதிப்புனு எப்படிங்க அளக்கறது?

மூன்று நாள், ஒரு தாள், நாலு பத்தி: மணி, யார் அல்லது எது, எந்த வேலை, நடுவிலா வரி முடிந்தபிறகா. நாலாவது பத்திதான் முக்கியம். சம்பள வாரத்திலும் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிப் படிவம்) தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியை ஒட்டியும் அளக்காதீர்கள், அந்த நாட்கள் சாதாரண நாட்கள் மாதிரி இருக்காது.

பிறகு அதே மூன்று நாளில் பிடிபட்ட திருத்தங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் அடித்த பதிவு என்று பாருங்கள். தாளில் "நடுவில்" என்று குறித்த நேரங்களோடு அவை ஒட்டி நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. எழுதுவதே ஒரு குறுக்கீடாகிவிடக் கூடாது. ஒரு கோடு, ஒரு எழுத்து போதும், வி என்றால் வீடு, யூ என்றால் யூனிட்.

20. கூப்பிடற ஆளே நாங்கதானுங்க, சூப்பர்வைசர். எப்படிக் கூப்பிட்டா தப்பு வராது?

டேனியல் மெக்ஃபார்லேன் 2002-இல் நான்கு வழிகளை ஒப்பிட்டார்: உடனே குறுக்கிடுவது, எப்போது எடுப்பது என்பதை எதிராளியிடமே விடுவது, நடுவில் ஒரு அமைப்பு நேரம் பார்த்துக் கொடுப்பது, குறித்த நேரத்தில் மட்டும் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் ஒன்றே சிறந்தது என்று வரவில்லை. உடனே பதில் வேண்டுமென்றால் உடனே குறுக்கிடுவதுதான் வேகம், தவறும் அதில்தான் கூட. எதிராளி முடிவு செய்ய விட்டால் வேலை நன்றாக நடக்கிறது, ஆனால் சில செய்திகள் தாமதமாகும். லாரி வாசலில் நின்றால் கூப்பிடுங்கள். நாளைக்குச் சாம்பிள் பற்றி என்றால் எழுதி வையுங்கள்.

எழுதும்போது "ஹலோ" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது எதிராளியை முழுசாக இழுத்துவிடும், விஷயமும் கொடுக்காது. "அண்ணா, நேவி டி-ஷர்ட் ஆர்டர், காலர் ரிப் ஷேடு ஓகேவா? மூணு மணிக்குள்ள சொன்னாப் போதுமுங்க" என்று ஒரே செய்தியில் எந்த ஆர்டர், என்ன கேள்வி, எப்போதுக்குள் என்று மூன்றும் இருந்தால், அவர் வரியை முடித்துவிட்டுப் பார்ப்பார்.